கோடி ரூபா வண்டிக்கு நாலாயிரம் ரூபா காற்று



கொஞ்சம் நீளமான பதிவு. ஊரில் மின்சார வாகனம் வைத்திருப்பவர்களும், லீசிங் கதைத்துக்கொண்டிருப்பவர்களும் கடைசி வரை வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம். டயர் எல்லோரிடமும் இருக்கிறது.

நாங்கள் ஐந்து ஆசிரியர்கள். கரையோரத்திலிருந்து உள்ளே, வட்டைப் பக்கத்துப் பாடசாலைக்கு ஒரே வாகனத்தில் போய் வருகிறோம். 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாகக் கிடந்து, பிறகு கியூஆர் கோட்டைக் காட்டிக் காட்டி ஓடிய ஆட்கள் நாங்கள். அந்த அலுப்பிலேயே எங்களில் ஒருவர், 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்த பிறகு, கடன்பட்டு ஒரு மின்சாரக் கெப் எடுத்தார். நாங்களும் மாதாமாதம் பங்கு போடுகிறோம். ஆகவே அது எங்கள் வண்டி என்றே சொல்கிறோம். பிழையும் எங்கள் எல்லோருடையதும்தான்.

சாதாரண தரப் பரீட்சை நடந்த நேரம். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நிலையம் கரையோரத்தில். உள்ளூரிலிருந்து விடிய வரும் பஸ்ஸை நம்ப முடியாது. நான்கு பிள்ளைகளை நாங்களே ஏற்றி வருகிறோம் என்று பெற்றோரிடம் பொறுப்பெடுத்திருந்தோம். சுபஹு தொழுதுவிட்டு எங்களில் இருவர் போனார்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வாய்க்கால் ஓரக் கிறவல் றோட்டில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் இடது டயர் படுத்துவிட்டது. ஓர் ஆணி.

பரவாயில்லை, ஸ்பெயார் வீல் இருக்கிறதே என்று இறக்கினார்கள். அதை அழுத்திப் பார்த்தால் பஞ்சு மாதிரி. அளந்தால் 9 பீ.எஸ்.ஐ. வண்டி எடுத்த நாளிலிருந்து அந்த வீலை யாரும் தொட்டதில்லை.

பரவாயில்லை, காற்றடிக்கும் மெஷின் இருக்கிறதே என்று அதை எடுத்தார்கள். 3,900 ரூபாவுக்கு வாங்கியது. பெட்டியில் பெரிய எழுத்தில் 150 பீ.எஸ்.ஐ என்று போட்டிருந்தது. டாஷ்போர்ட் சொக்கட்டில் குத்தி ஓடவிட்டார்கள். ஆறு நிமிடம் இரைந்தது. 9 இல் இருந்தது 20 க்கு வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. சொக்கட்டின் ஃபியூஸ் போய்விட்டது. மெஷினைத் தொட முடியாத சூடு.

பின் சீட்டில் நான்கு பிள்ளைகள். ஒருவர் கணிதப் புத்தகத்தை மூடிவிட்டு அழத் தொடங்கிவிட்டார். அழைப்பெடுத்தால் சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. வீட்டில் இருந்த நாங்கள் மூவரும் இது ஒன்றும் தெரியாமல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

அந்த வழியால் மரக்கறி ஏற்றிய ஒரு பட்டா லொறி வந்தது. பக்கத்துத் தமிழ்க் கிராமத்துத் தம்பி ஒருவர். நிறுத்தினார். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய இரும்பு கொம்ப்ரசரை எடுத்தார். தன் லொறி பெட்டரியில் இரண்டு கிளிப்பை மாட்டினார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, வீல் 40 க்கு வந்துவிட்டது. மாற்றிப் பூட்டவும் அவரே உதவினார். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்:

“சேர், குறை நினைக்காதீங்க. வண்டி கோடிக் கணக்கு. காத்துக்கு நாலாயிரம்தானா?”

பிள்ளைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். மணியடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. அந்தத் தம்பி அன்று ஐந்து நிமிடம் முந்தியோ பிந்தியோ போயிருந்தால் நாங்கள் அந்தப் பெற்றோரின் முகத்தில் எப்படி முழிப்பது என்று இன்றைக்கும் யோசிக்கிறோம். ஒரு வருடப் படிப்பு, ஓர் ஆணி, ஒரு ஃபியூஸ்.

இதை ஊரில் கதைத்தபோது எங்களுக்குக் கிடைத்த பதில்கள்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“காத்துத்தானே, செட்டில அடிக்கலாமே.”

சரி. கடைசியாக எப்போது செட்டுக்குப் போனீர்கள்? டீசல் கெப் ஓடிய காலத்தில் கிழமைக்கு ஒரு தடவை செட்டுக்குப் போனோம். எண்ணெய் அடிக்கும்போது அங்கே நிற்கும் பையன் “சேர், முன் டயர் கொஞ்சம் குறைவு” என்பான். எங்களுக்கு அக்கறை இருந்ததால் டயர் பார்க்கப்படவில்லை. எண்ணெய் தேவைப்பட்டதால் டயரும் பார்க்கப்பட்டது. இப்போது வண்டி வீட்டுப் போர்ட்டிக்கோவில் இரவு முழுக்க சார்ஜ் ஆகிறது. விடிய வயரைக் கழற்றிவிட்டு ஏறிப் போகிறோம். செட்டை விட்டபோது செட்டில் கிடைத்த காற்றையும், அந்தப் பையனின் கண்ணையும் சேர்த்து விட்டுவிட்டோம். அந்த இடத்துக்கு எதை வைத்தோம்? ஒன்றும் வைக்கவில்லை.

“வண்டியே சொல்லும். டாஷ்போர்டில மஞ்சள் லைட் வரும்.”

வரும். ஆனால் பல வாகனங்களில் காற்று 20, 25 வீதம் குறைந்த பிறகுதான் அந்த லைட் எரியும். 40 இருக்க வேண்டிய டயர் 30, 32 க்கு இறங்கும் வரை அது வாய் திறக்காமல் இருக்கலாம். ஸ்பெயார் வீலில் பெரும்பாலும் சென்சரே இல்லை. உண்மையைச் சொல்வதென்றால், எங்கள் வண்டியில் முதல் நாள் இரவே அந்த லைட் எரிந்தது. “மழைக் குளிருக்கு அப்படித்தான் காட்டும்” என்று சொல்லிவிட்டுப் படுத்தோம். குளிருக்கு ஒன்றிரண்டு பீ.எஸ்.ஐ குறையும் என்பது உண்மைதான். அந்தப் பாதி அறிவுதான் எங்களைக் கெடுத்தது.

“எல்லா வாகனமும் ஒண்டுதான். கரண்ட் வண்டிக்கு மட்டும் என்ன புதுசா?”

பாரம் புதிது. கீழே கிடக்கும் பெரிய பெட்டரியால் அதே அளவு டீசல் வண்டியை விட மின்சார வண்டி சில நூறு கிலோ கூடுதலாக இருக்கும். அதைத் தாங்குவது அந்த நான்கு டயரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான். காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அந்த மடங்கலில் சூடு பிறக்கிறது. பாரம் கூடினால் மடங்கலும் கூடும், சூடும் கூடும். வெயிலில் கொதிக்கும் தாரில், பிள்ளைகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடும் டயர் வெடிப்பது இப்படித்தான். அதற்கு முதல் சார்ஜும் வீணாகப் போகும். “கம்பனி சொன்ன தூரம் ஓடுதில்ல” என்று குறை சொல்லும் சகோதரர்கள் முதலில் டயரை அளந்து பாருங்கள்.

“எல்லாம் நசீபு.”

இதற்கு நீளமாகப் பதில் எழுதத் தேவையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் எங்களுடையது. கட்டாமல் விட்டுவிட்டு ஒட்டகம் ஓடியதற்கு நசீபைக் குறை சொல்லச் சொல்லவில்லை.

“சின்னது போதும். எல்லாரும் அதைத்தானே வாங்குறாங்க.”

இதுதான் எங்கள் பிழையும். எங்களில் ஒருவர் உயர்தர வகுப்பில் போயிலின் விதி படிப்பிக்கிறார். அழுத்தம், கனவளவு என்று கரும்பலகை நிறைய எழுதுகிறார். கடையில் போய் நின்றபோது அந்த அறிவு எங்கே போனது? பெட்டியில் 150 என்று இருந்ததைப் பார்த்தோம், வாங்கினோம். எங்களுக்குத் தேவை 40. 150 இருக்கிறதே, தாராளம் என்று நினைத்தோம்.

150 என்பது அந்த மெஷின் எவ்வளவு அழுத்தம் வரை தள்ள முடியும் என்ற கணக்கு. எவ்வளவு காற்றை, எவ்வளவு நேரத்தில் தரும் என்பது வேறு கணக்கு. சைக்கிள் டயருக்குள் சிறிது காற்றை 100 வரை ஏற்றுவது சுலபம். கெப் டயருக்குள் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 75 லீற்றர். அதை 20 இலிருந்து 40 க்கு ஏற்ற வெளிக்காற்று 100 லீற்றர் அளவு தேவை. நிமிடத்துக்கு 35 லீற்றர் என்று பெட்டியில் போடுவது பெரும்பாலும் குழாயை ஒன்றிலும் மாட்டாமல் சும்மா ஓடவிட்ட கணக்கு. டயரில் மாட்டி எதிரழுத்தம் வந்ததும் எங்கள் மெஷின் தந்தது 10 லீற்றர் அளவு. அப்படியென்றால் ஒரு டயருக்குப் பத்து நிமிடம். நான்கு டயருக்கு நாற்பது நிமிடம். அதே பெட்டியின் கீழே சின்ன எழுத்தில் “10 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது” என்று இருந்தது. அதை நாங்கள் வாசித்தது ஃபியூஸ் போன பிறகு.

ஃபியூஸ் ஏன் போனது? டாஷ்போர்ட் சொக்கட்டுக்குப் பல வாகனங்களில் 10 அல்லது 15 அம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். எங்கள் வண்டியில் 10. அதாவது 12 வோல்ட்டில் 120 வொட். மெஷினின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் 15 அம்பியர் என்று இருந்தது. அழுத்தம் ஏற ஏற மோட்டர் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். ஆறாவது நிமிடத்தில் ஃபியூஸ் தன் வேலையைச் செய்தது. தன் வேலையைச் செய்யாதவர்கள் நாங்கள்தான்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். பெட்டியில் உள்ள பெரிய நம்பரைக் காட்டி விற்பது வியாபாரம்தான். ஆனால் “என்ன வாகனத்துக்கு?” என்று ஒரு கேள்வி கேட்டு விற்றால் அதில் பரக்கத் இருக்கும். எத்தனை அம்பியர், எத்தனை நிமிடம் ஓடலாம் என்று கேட்டால் “அதெல்லாம் யாரும் கேக்கிறதில்ல சேர்” என்று எங்களுக்குச் சொன்னார்கள். இனிக் கேட்போம். நீங்களும் கேளுங்கள்.

அதன்பிறகு நாங்கள் விசாரித்து, அளந்து, ஒருமுறை ஏமாந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

1. முதலில் உங்கள் டயருக்கு எவ்வளவு காற்று என்று பாருங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் எவ்வளவு, பின் எவ்வளவு, பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று அதில் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் நம்பர் அதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை. அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.

2. மெஷினின் அம்பியரை வண்டி சொக்கட்டின் அம்பியரோடு ஒப்பிடுங்கள். மெஷின் கூடுதலாக இழுத்தால் அந்த இரண்டுக்கும் ஒத்துவராது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வயர் எரியும்.

3. கெப், வேன், சின்ன லொறிக்கு நல்லது பெட்டரியில் கிளிப் மாட்டும் வகை. ஆனால் மின்சார வண்டியில் இரண்டு பெட்டரி இருக்கிறது. ஓட்டுவது பெரியது. அதைத் தொடவே கூடாது. செம்மஞ்சள் நிற வயர் எங்கே கண்டாலும் கையை எடுங்கள், அது உயர் மின்னழுத்தம். கிளிப் மாட்டுவது 12 வோல்ட் சின்னப் பெட்டரியில். அது எங்கே இருக்கிறது, அதிலிருந்து வெளி மெஷினுக்குக் கரண்ட் எடுக்கலாமா என்று கைநூலில் பாருங்கள் அல்லது விற்ற இடத்தில் கேளுங்கள். எல்லா வண்டியிலும் அனுமதி இல்லை. எடுக்கும்போது வண்டி ‘ரெடி’யில் நிற்க வேண்டும். அப்போதுதான் பெரிய பெட்டரி சின்னதற்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு அடித்தால் சின்னது இறங்கிவிடும். சின்னது இறங்கினால், பெரியதில் 80 வீதம் சார்ஜ் இருந்தாலும் வண்டி எழும்பாது. பஞ்சரோடு இன்னொரு கரைச்சலும் சேரும்.

4. சார்ஜ் ஏற்றிக் கையில் கொண்டுபோகும் வகை மோட்டார் சைக்கிளுக்கும் த்ரீவீலுக்கும் தாராளம். நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. கெப்புக்கு வாங்குவதென்றால் பெரியதாக, 12 வோல்ட் வயரும் மாட்டக்கூடியதாக வாங்குங்கள். உள்ளே இருப்பது ஃபோன் பெட்டரி மாதிரி ஒன்று. வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் வாகனத்துக்குள் டாஷ்போர்டில் போட்டு வைத்தால் கெட்டுப்போகும், ஆபத்தும்கூட. சீட்டுக்கு அடியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள். தேவைப்படும் நாளில் அது செத்துக் கிடந்தால் அதற்கும் எங்கள் ஸ்பெயார் வீலுக்கும் வித்தியாசமில்லை.

5. வயரையும் குழாயையும் நீட்டிப் பாருங்கள். டபுள் கெப் ஐந்து மீற்றருக்கு மேல் நீளம். மின்சாரம் முன்னால், பஞ்சர் பெரும்பாலும் பின்னால். கடையிலேயே கேட்டு அளந்து வாங்குங்கள். பின்னால் இரட்டை டயர் உள்ள லொறிக்காரர்கள் உள் டயரின் வால்வுக்குக் குழாயின் வாய் எட்டுமா என்றும் பாருங்கள். அந்த லொறிகளுக்கு அழுத்தமும் கெப்பை விடக் கூடுதலாகத் தேவை.

6. சில மின்சாரக் கெப்களில் பின் தட்டிலோ உள்ளேயோ 230 வோல்ட் பிளக் இருக்கிறது. இருந்தால் வீட்டுக் கரண்டில் ஓடும் சின்னக் கொம்ப்ரசரையே மாட்டலாம். அந்தப் பிளக் எத்தனை வொட் தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. மெஷினில் காட்டும் நம்பரை அப்படியே நம்பாதீர்கள். தனியாக ஒரு கேஜ் வாங்குங்கள். எங்களுடைய பழைய மெஷின் 3 பீ.எஸ்.ஐ கூட்டிக் காட்டியது. விடிய, வண்டி ஓடுவதற்கு முன் அளப்பதே சரி. ஓடிச் சூடான டயரில் கூடக் காட்டும்.

8. மெஷின் காற்றுத்தான் தரும், ஓட்டையை அடைக்காது. டியூப்லெஸ் பஞ்சர் அடைக்கும் சாமான் பெட்டி ஒன்றையும் வையுங்கள். டயரின் பக்கச் சுவர் கிழிந்திருந்தால், அல்லது காற்றில்லாமல் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டிருந்தால், காற்றடித்து ஓடப் பார்க்காதீர்கள். அடிக்கும்போது டயருக்கு நேர் பக்கத்தில் குந்தியிருக்காதீர்கள்.

நாங்கள் கடைசியில் வாங்கியது 18,500 ரூபாவுக்கு. இரும்பு உடம்பு, பெட்டரிக் கிளிப், 25 அம்பியருக்குள். கைநூலைப் பார்த்துக் கேட்டுத்தான் வாங்கினோம். கெப் டயர் 20 இலிருந்து 40 க்கு நான்கு நிமிடம் எடுக்கிறது. ஐவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 3,700. முதல் வாங்கிய குப்பையின் விலையை விடக் குறைவு.

“18,500 அதிகம்” என்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். வண்டி வந்த நாளில் ஜன்னலுக்குக் கறுப்பு ஒட்டினோம். சீட் கவர் தைத்தோம். சத்தம் கேட்க ஸ்பீக்கர் போட்டோம். அலோய் வீலுக்கு விலை கேட்டோம். நாங்களும்தான், மறைக்கவில்லை. வெளியில் தெரிவதற்கெல்லாம் காசு இருந்தது. காற்று கண்ணுக்குத் தெரியாது, அதை யாரும் பாராட்டப் போவதுமில்லை. அதனால் அதற்கு மட்டும் காசு இருக்கவில்லை. எங்கள் ஊரில் கலியாணத்திலிருந்து கட்டிடம் வரை இந்த நோய் இருக்கிறது. டயரில் வந்தால் உயிர் போகும்.

எங்களுக்கு மிகவும் வெட்கமாக இருந்தது ஒன்றுதான். மரக்கறி விற்று அன்றாடம் சீவிக்கும் ஒரு தம்பியிடம் நல்ல கொம்ப்ரசர் இருந்தது. படித்த ஐந்து ஆசிரியர்களிடம் இருக்கவில்லை. அவருக்கு வண்டிதான் சோறு. அதனால் அவர் டயரைப் பார்க்கிறார். எங்களுக்கு வண்டி வசதி. அன்று விடிய அந்த வசதிக்குள் நாலு பேரின் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை எங்கள் ஊர்ப் பாடசாலை மைதானத்தில் கேஜோடும் மெஷினோடும் நாங்கள் நிற்போம். கெப், வேன், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், மின்சாரமோ பெற்றோலோ, எதுவானாலும் கொண்டுவாருங்கள். பக்கத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றர் மெதுவாக ஓடி வந்தால் அளவு பிழைக்காது. இலவசம். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரர்கள் கட்டாயம் வாருங்கள். ஸ்பெயார் வீலையும் இறக்கிக் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். எங்களுடையது 9 இல் இருந்தது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

அந்தத் தம்பி இதை வாசித்தால்: தம்பி, நாங்கள் குறை நினைக்கவில்லை. நீங்கள் சொன்னது சரி. வட்டைப் பக்கம் வரும்போது பாடசாலைக்கு வாருங்கள். பிள்ளைகள் உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

அல்லாஹ் எங்கள் எல்லோரது பயணங்களையும் பாதுகாப்பானாக ஆக்குவானாக. பயனுள்ளதென்று நினைத்தால் பகிருங்கள். பகிர்வதற்கு முதல் போய் உங்கள் டயரை அளந்துவிட்டு வாருங்கள்.